சரிந்திறங்கும் கூரை

ஒரு புதிய கார் வரப்போகிறது என்ற செய்தி உத்திரமேரூரில் முதலில் ஏறுவது கம்பெனி பஸ்ஸில்தான். விடிவதற்கு முன்பே பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் அந்தப் பஸ்களில் சில ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகின்றன. சில செங்கல்பட்டைத் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகிலுள்ள மகேந்திரா வேர்ல்ட் சிட்டி வாசலில் ஆட்களை இறக்குகின்றன. ஐடிஐ முடித்த பையன்கள், டிப்ளமோ முடித்தவர்கள், காண்டிராக்ட்டில் இருப்பவர்கள், லைனில் பத்து வருடம் நின்று பழகியவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். ஏ ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்தாலும், ஒருவர் கைப்பேசியில் புது வண்டியின் படம் வந்துவிட்டால் நான்கு தலைகள் அதன் மேல் கவிழ்ந்துவிடும்.

2025 ஜூலையில் அப்படி அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பிஎம்டபிள்யூ 2 சீரீஸ் கிரான் கூபேயின் இரண்டாம் தலைமுறையை. ஜெர்மனிக்காரர்கள் 2024 அக்டோபரிலேயே அதை உலகத்துக்குக் காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தியாவுக்கு எப்போது வரும், எந்த இன்ஜினோடு வரும், டீசல் உண்டா இல்லையா என்று ஒன்பது மாதம் பேச்சு ஓடியது. கடைசியில் ஜூலை 17-ஆம் தேதி வந்தது. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 156 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர் டார்க். ஏழு கியர் கொண்ட டூயல் கிளட்ச் பெட்டி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 8.6 விநாடியில் எட்டும். அன்றைய தொடக்க விலை, ஷோரூமில், 46.90 லட்சம் ரூபாய். இத்தனையும் கம்பெனி பஸ்ஸில் பலருக்கு மனப்பாடம். அந்தக் காரை இந்திய விற்பனைக்காகப் பூட்டி முடிப்பது அந்தப் பஸ்களில் ஒன்று போய் நிற்கும் இடத்தில்தான். எங்கள் ஊரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர்.

என் தெருவில் இருக்கும் ஒரு தம்பி கார்களுக்கு வயரிங் ஹார்னஸ் கட்டும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். படத்தை என்னிடம் நீட்டி, விரலால் கூரையின் கோட்டைப் பின்னோக்கித் தடவிக் காட்டினான். "அண்ணே, இங்க பாருங்க. டிரைவர் தலைக்கு மேல இருந்து எறங்க ஆரம்பிச்சது டிக்கி வரைக்கும் எங்கயும் நிக்கல. கதவுல கண்ணாடிக்குச் சட்டமும் கிடையாது. கண்ணாடி எறங்கிட்டா வெறும் கதவுதான்." அவன் குரலில் இருந்ததைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். நல்ல தச்சன் வேறொரு தச்சன் செய்த கதவைப் பார்க்கும்போது வரும் குரல் அது.

ஆனால் அவனுடைய நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்கு நான்கு கதவே பிடிக்கவில்லை. அதைவிட, இன்ஜினின் விசை முன் சக்கரத்துக்குப் போவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. முன் சக்கரம் திரும்ப வேண்டும், பின் சக்கரம் தள்ள வேண்டும், ஒரே சக்கரத்திடம் இரண்டு வேலையையும் கொடுத்தால் வளைவில் வண்டி வெளியே ஒதுங்கும் என்பது அவன் கட்சி. அவன் காத்திருப்பது அதே கம்பெனியின் எம்2-வுக்காக. இரண்டே கதவு, மூன்று லிட்டரில் வரிசையாக ஆறு சிலிண்டர், பின் சக்கர ஓட்டம், வேண்டுமென்றால் கையால் போடும் ஆறு கியர். 2023-இல் இந்தத் தலைமுறை இங்கே வந்தபோது 460 குதிரைத்திறன், 98 லட்சம். அடுத்த ஆண்டு 480 ஆகி, விலையும் ஒரு கோடியைத் தாண்டியது. அது மெக்சிகோவிலிருந்து முழு வண்டியாகக் கப்பலில் வருகிறது. அப்படி வரும் விலையுயர்ந்த காருக்கு அதன் விலையளவுக்கே வரி விழும். அண்ணன் தம்பி போன்ற இரண்டு கார்களுக்கு நடுவில் விலை இரண்டு மடங்காவதற்கு, ஒன்று இங்கே பூட்டப்படுவதும் மற்றது பூட்டிய நிலையில் வந்து இறங்குவதும் பெரிய காரணம். இந்த விவாதத்தில் நான் எம்2 பக்கம். அழகு என்று வந்துவிட்டால் சமரசம் எனக்கு ஒத்துவராது. ஆனால் ஹார்னஸ் தம்பி சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது: "அது நல்ல வண்டிதான்ணே. ஆனா அதுல நம்ம கை படலையே."

அவன் சொன்னதில் பெருமைப் பேச்சு இல்லை, கணக்கு இருக்கிறது. பிஎம்டபிள்யூவின் சென்னைத் தொழிற்சாலை 2007 மார்ச்சில் தொடங்கியபோது பெரும்பாலான பாகங்கள் பெட்டியில் வந்தன. 2015-இல் உள்ளூர்ப் பாகங்களின் பங்கை ஏறத்தாழப் பாதிக்கு உயர்த்தினார்கள். இன்ஜினை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் பூட்டிக் கொடுக்கிறது. அதற்கென்றே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆலை கட்டியது. இருக்கைகள் லியர் நிறுவனத்திலிருந்து. கதவின் உள்தகடும் வயரிங்கும் டிராக்ஸல்மயரிடமிருந்து. புகைக்குழாய் டென்னக்கோ. குளிர்சாதனம் வேலியோ, மாலே பெஹர் நிறுவனங்களிடமிருந்து. படிக்கிறவர்களுக்கு இவை வெறும் கம்பெனிப் பெயர்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு ஷிஃப்ட், ஒரு பஸ் நம்பர், ஒரு வீட்டுக்கடன் உண்டு. வயரிங் ஹார்னஸை ஒரு தடவையாவது பலகையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு காருக்குள் இத்தனை கம்பி ஓடுகிறது என்று நம்பவே முடியாது. எந்தக் கிளை எந்த விளக்குக்கு, எது கதவின் கண்ணாடி மோட்டாருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் அந்தத் தம்பி. சட்டமில்லாத கதவென்றால், கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி துளி இறங்கிக் கொடுக்க வேண்டும், கதவு சாத்தியதும் மறுபடி ஏறி ரப்பரில் பதிய வேண்டும். அந்தச் சின்ன அசைவுக்கு எத்தனை சிக்னல் போய்வர வேண்டும் என்று அவன் விளக்கினான். வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் சிலர் பரிதாபப்படத் தொடங்குவார்கள். நெய்கிறவன் வீட்டில் பட்டு இல்லை என்ற பழைய புலம்பல் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கைவசம் இருக்கிறது, கார் கம்பெனிப் பையன்களுக்கும் அதையே போர்த்திவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூலி குறைவு என்றால் கூலியைப் பற்றிப் பேச வேண்டும், காண்டிராக்ட் முறை அநியாயம் என்றால் அதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டும் பேச வேண்டியவைதான். அதற்காக அவர்களுடைய ரசனையை ஏக்கம் என்று சுருக்கக் கூடாது. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் குடவோலைக் கல்வெட்டால் தெரியும்: வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போல இந்த ஊர்ச் சபையில் பொன் வாரியமும் இருந்தது. ஊரார் கொண்டுவரும் பொன்னின் மாற்றை உரைத்துச் சொல்லத் தெரிந்தவர்களைத் தேடி எடுத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். உரைத்துப் பார்த்தவர் அந்தப் பொன்னுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கல்லில் விழுந்த கீற்றை அவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும். கம்பெனி பஸ்ஸில் கைப்பேசியைச் சுற்றிக் கவிழும் தலைகளை நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஷோரூமில் காசோலை கொடுப்பவரைவிட அந்த வண்டியின் மாற்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவர்களுக்கு அந்தச் சரியும் கூரைக்கோடு ஏன் இத்தனை புதிதாகத் தோன்றுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. 2006-இல் மத்திய அரசு சிறிய கார்களுக்கு வரியைக் குறைத்தபோது நான்கு மீட்டருக்குள் நீளம் இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டது. அன்றிலிருந்து இந்தியாவில் அதிகம் விற்கும் கார்களில் பெரும்பாலானவை அந்த நான்கு மீட்டர் பெட்டிக்குள் மடங்கிக்கொண்டன. டிக்கியை நறுக்கினார்கள், முகப்பை உயர்த்தினார்கள், இப்போது எல்லாமே நின்றுகொண்டிருக்கும் எஸ்யூவி. ஒரகடத்திலும் ஜிஎஸ்டி ரோட்டிலும் உடம்பெங்கும் கறுப்பு வெள்ளைச் சுழி ஒட்டிக்கொண்டு ஓடும் சோதனை வண்டிகளைப் பார்க்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை அந்த வகைதான். கூபேயின் நீண்ட முகப்பும் சரியும் முதுகும் வரிக்கணக்கில் வீண் நீளம். 2 சீரீஸ் கிரான் கூபே 4,546 மில்லிமீட்டர். அந்த அரை மீட்டரில்தான் அழகு முழுதும் இருக்கிறது. நாள் முழுக்க நறுக்கிய வண்டிகளுக்கு போல்ட் முடுக்கிவிட்டு வருகிறவன் கண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த மண்டலத்துக்கு அழகான சின்ன வண்டி ஒன்றும் புதிதல்ல. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவரத் தொடங்கியது. அதன் மூலம் ட்ரையம்ஃப் ஹெரால்டு. டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வந்தபோதே கூபே உடலும் அதற்கு இருந்தது. நமக்கு வந்தது இரண்டு கதவு சலூன். பெரும்பாலும் அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய சாலையில், மட்கார்டோடு சேர்ந்து மொத்த முகப்பும் முன்பக்கம் சாய்ந்து திறக்கும் ஒரு வண்டி! மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். குடும்பத்துக்கு ஆகாது என்று வாங்குகிறவர்கள் முனகியதில் பிற்பாடு நான்கு கதவு வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் செய்யப்பட்டது. கிரான் கூபேயின் நான்கு கதவைப் பார்த்து இன்று நடக்கும் சண்டையை அறுபதுகளிலேயே செங்கல்பட்டு மாவட்டம் ஒரு முறை போட்டு முடித்துவிட்டது. 1985-இல் அதே தொழிற்சாலை ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. அது விலை போகவில்லை. சில ஆண்டுகளில் கதவு சாத்தப்பட்டது.

மறைமலை நகரில் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது பழையவர்களுக்கு ஸ்டாண்டர்டு நினைவு வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கடைசி கார் இறங்கியது. அதற்கு முன்பே, புது மாடல் பேச்சு எதுவும் வரவில்லையே என்று அங்கே இருந்தவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். லைனில் நிற்பவனுக்குப் புது மாடல் என்றால் இன்னும் ஆறேழு வருடத்துக்கு இந்த லைன் ஓடும் என்ற உறுதி. அதனால்தான் இங்கே ஒரு கார் வெளியீட்டுக்கான காத்திருப்பில், நகரத்து ரசிகனிடம் இல்லாத ஒரு அழுத்தம் இருக்கிறது. அழகு பிடித்திருக்கிறது, அந்த அழகு விற்கவும் வேண்டும். தம்பியின் நண்பன் எம்2-வைப் புகழ்ந்து முடித்துவிட்டு, "கிரான் கூபே நல்லா புக்கிங் ஆகணும்ணே" என்று சொன்னது இதனால்தான்.

வேகத்தின் மேல் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு உள்ள பிரியத்துக்கும் வேர் உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமானத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. தென்னாட்டு நகரங்கள் பலவற்றிலிருந்தும் ஆட்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். 1990-இல் அந்தக் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக 3.7 கிலோமீட்டர் தடத்தைத் திறந்தது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்னுக்குப் போனார். 2003-இல் பார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவில் ஓட்டிய நடிகர் அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அணியோடு போனபோது, எங்கள் டீக்கடையில் சினிமா பேச்சே நடக்கவில்லை. டயர் எத்தனை சுற்று தாங்கும் என்று பேசினார்கள்.

சரி, அப்படி ஒரு கார் உத்திரமேரூருக்கு வந்தால் ஓடுமா? சாலவாக்கம் பக்கம் கல்குவாரிகளிலிருந்து வரும் டிப்பர் லாரிகள் சாலையைக் கிழித்துப் போட்டிருக்கின்றன. ஊருக்கு ஊர் வேகத்தடை, அதில் பாதி பஞ்சாயத்தைக் கேட்காமல் போட்டது. தாழ்ந்த வயிற்றோடு வரும் கூபே முதல் தடையிலேயே உரசும். ஏரிக்கரை ஓரமாக நல்ல தார் போட்ட ஒரு துண்டு இருக்கிறது. அதைத்தான் பையன்கள் பைக்கில் போகும்போது, இங்கே மட்டும் விட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த ஆசைக்குக் கொஞ்சமாவது வழிசெய்யக் கம்பெனிகளால் முடியும். 2018-இல் பிஎம்டபிள்யூ சச்சின் டெண்டுல்கரை அழைத்து, நாடெங்கும் 365 தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் இன்ஜினும் கியர்பாக்ஸும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அது நல்ல காரியம். கழற்றி மாட்டிப் பழகுவதற்கு அசல் இன்ஜின் கிடைப்பது ஐடிஐ மாணவனுக்குப் பெரிய விஷயம். எனக்கு இன்னும் ஒரு படி போக வேண்டும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும், புது மாடல் வெளிவருவதற்கு முன்பு, பத்திரிகைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஓட்டிக் காட்டுகிறார்கள் அல்லவா? அதே வாரத்தில் ஒரு நாள், அந்தக் காருக்கு வயர் கட்டியவர்களையும் இருக்கை தைத்தவர்களையும் இன்ஜின் பூட்டியவர்களையும், காண்டிராக்ட்காரர்களை விட்டுவிடாமல், பஸ்ஸில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் சக்கரத்தைப் பிடிக்கட்டும், இவர்கள் பக்கத்து இருக்கையில் உட்காரட்டும், ஆளுக்கு ஒரு சுற்று. முன் சக்கர ஓட்டம் வளைவில் என்ன செய்கிறது என்று அந்த நண்பன் தன் உடம்பாலேயே பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். தம்பியிடம் இதைச் சொன்னேன். ஒரு சுற்றுக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம் ஆகும், எந்த ஷிஃப்டை மாற்ற வேண்டும் என்று அவன் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.