கார்ன்வால் வழியே – 3: பலகைகளில் ஒளிந்திருக்கும் மொழி

டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் எல்லை தமர் ஆறு. சால்டாஷில் 1859-இல் திறக்கப்பட்ட புரூனலின் ரயில் பாலத்தைத் தாண்டி மேற்கே போகப் போக ஊர்ப்பெயர்களில் ஆங்கிலம் தேய்ந்து கார்னிஷ் மொழி மேலெழுகிறது. வெல்ஷ் மொழிக்கு உறவான இந்தக் கெல்டிக் மொழி 18-ஆம் நூற்றாண்டோடு அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது, ஊர்ப்பெயர்கள் தங்கிவிட்டன. 'ட்ரெ' என்று தொடங்கினால் பண்ணைக் குடியிருப்பு, 'பொல்' குளம், 'பென்' தலை அல்லது முனை, 'லான்' பழைய தேவாலய வளாகம். பெயர் முன்னே வரும், அடைமொழி பின்னே. ரெட்ரூத்தில் சிவப்பைக் குறிப்பது 'ரெட்' அல்ல, 'ரூத்'. முழுப்பெயருக்கும் சிவந்த ஆற்றுத்துறை என்று பொருள்.

மொழி தெரியாதவர்கள் காதில் விழுந்தபடி எழுதியதுதான் பெரிய வேடிக்கை. பாட்மின் மேட்டுநிலத்தில் 420 மீட்டர் உயரத்தில் நிற்கும் கார்ன்வாலின் உச்சிக்குப் பெயர் பிரவுன் வில்லி. அதில் பழுப்பும் இல்லை, வில்லி என்ற ஆளும் இல்லை; 'ப்ரான் வென்னிலி', தகைவிலான் குருவிகளின் குன்று. சுரங்கப் பெயர்களில் வரும் 'வீல்' சக்கரமல்ல, வேலை நடக்கும் இடம்.

பென்சான்ஸ் என்றால் புனித முனை. 'பென்' தலையையும் குறிக்கும் அல்லவா? ஊர்ச் சின்னத்தில் தட்டில் வைத்த யோவான் ஸ்நானகனின் தலையே ஏறிவிட்டது! அங்குள்ள மார்க்கெட் ஜூ வீதியை வைத்து, யூதர்கள் வெள்ளீயம் விற்ற இடம் என்று கதை கட்டியவர்களும் உண்டு. அது 'மர்காஸ் யோவ்', வியாழச் சந்தை. வீதி போய்ச் சேரும் பக்கத்து ஊரின் பெயர். அந்த ஊரின் இன்றைய பெயரான மரசயனில் சீயோன் மலையைத் தேடியவர்களுக்கும் ஏமாற்றமே: 'மர்காஸ் பிகான்', சின்னச் சந்தை.

மரசயனுக்கு எதிரே, கடல் வற்றும்போது நடந்தே போகக்கூடிய செயிண்ட் மைக்கேல்ஸ் மவுண்ட். கார்னிஷில் அது காட்டுக்குள் இருக்கும் சாம்பல்நிறப் பாறை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய காட்டின் அடிமரங்கள் இந்த வளைகுடாவில் சில சமயம் தலைகாட்டுவது உண்மை. ஆனாலும் பெயர் அவ்வளவு பழைய நினைவைச் சுமக்கிறது என்பது மிகை.

எலிவளை என்று எழுதி 'மவுசல்' என்று உச்சரிக்கப்படும் மவுஸ்ஹோல் மீனவர் ஊருக்குப் பழைய பெயர் 'போர்த் எனிஸ்', தீவுத் துறை. எதிரே தெரியும் செயிண்ட் கிளெமென்ட் தீவே காரணம். கார்னிஷைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி என்று பரவலாகச் சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் 1777-இல் இறந்தது இங்கேதான். அவர் குடும்பப் பெயரும் ஓர் இடப்பெயரே: மணற்கரையின் முனை. இன்னும் மேற்கே லேண்ட்ஸ் எண்ட். அங்கே கார்னிஷ் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் ஒரே பொருள்.

(தொடரும்)