மாடி வீடும் அமானிதமும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்’ என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம். வீட்டுக்காரர் நால்வர் கூடிப் பேசினால், பேச்சு எங்குத் தொடங்கினாலும் ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய’ கதையில் வந்தே முடியும். நாமும் அக்கதையைப் பலமுறை சொன்னவரே. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் மாடி வீட்டில் குடிவந்து போனவர்களை எண்ணிப் பார்க்கும்போது, நல்ல குடித்தனக்காரர் யார் என்னும் வினா, நல்ல வீட்டுக்காரர் யார் என்னும் வினாவிலே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதனை மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் அத்தா அவர்கள் திருச்சிராப்பள்ளியை அடுத்த செம்பட்டில், தோல் பதனிடும் தொழிலகம் ஒன்றில் கணக்கு எழுதியவர்கள். கீழ்வீட்டின் மேல் 1991ஆம் ஆண்டில் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமாக மாடி எழுப்பினார்கள். முதுமையில் பிள்ளைகளின் கையை எதிர்பாராமல் கஞ்சி குடிக்க வேண்டும் என்பதே அவர்களின் எண்ணம். மறு ஆண்டு முதற்குடியாக வந்தவர் பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளர் ஒருவர். வாடகை 450 ரூபாய். முன்பணம் 3,000 ரூபாய்.

அன்றிரவு அத்தா நீல அட்டைக் குறிப்பேட்டைத் திறந்து கணக்கு எழுதியது இன்றும் நம் கண்முன் நிற்கிறது. வாடகையை ‘வரவு’ என்று எழுதினார்கள். முன்பணத்துக்கு நேரே ‘அமானிதம்’ என்று எழுதினார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய நாம், “இதுவும் பணம்தானே அத்தா, ஏன் வரவில் எழுதவில்லை?” என்று கேட்டோம்.

“வரவு என்றால் நம்முடையது. இது அவருடையது, நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான். நம் வீடு அவரிடம் இருப்பதைப் போல” என்றார்கள்.

ஒன்பது ஆண்டுகள் அவர் நம் மாடியில் வாழ்ந்தார். 1997ஆம் ஆண்டில் அவருடைய மூத்த மகளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தொடர்ந்து மூன்று மாதம் அவரால் வாடகை தர இயலவில்லை. ஆயினும், ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மாலையில் மாடிப்படியில் அவர் இறங்கி வரும் காலடியோசை கேட்கும். “பாய், இந்த மாதமும் முடியவில்லை” என்று சொல்லிவிட்டு, அம்மா கொடுக்கும் தேநீரைத் தலை நிமிராமல் குடித்துவிட்டு ஏறிப்போவார். பின்னர் நான்கு தவணையில் முழுத் தொகையையும் தீர்த்தார். பணம் இல்லாத நாளில் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போவோர் உண்டு. பணம் இல்லை என்று சொல்வதற்காகவே படியிறங்கி வந்தவர் அவர்.

2001ஆம் ஆண்டில் சொந்த ஊரில் வீடு கட்டிக் குடிபெயர்ந்தார். புறப்படுவதற்கு முதல்நாள், சுவரில் ஆணி அடித்த துளைகளை வெள்ளைச் சிமெண்டு குழைத்துத் தம் கையாலேயே அடைத்துக்கொண்டிருந்தார். சாமான்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே அத்தா அவர் கையில் 3,000 ரூபாயைக் கொடுத்துவிட்டார்கள். அறைகளைப் பார்வையிட வேண்டாமா என்று நாம் கேட்டதற்கு, “ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்” என்பதே விடையாக வந்தது.

இரண்டு குடிகள் தள்ளி, 2003ஆம் ஆண்டின் இறுதியில் வந்தவர் வேறு வகை. மகிழுந்தில் வந்து இறங்கினார். தெரிந்தவர் பரிந்துரையும் கொண்டுவந்தார். முதல் ஓராண்டு ஐந்தாம் தேதி தவறாமல் வாடகை வந்தது. ‘இப்படி ஒருவர் கிடைக்க வேண்டுமே’ என்று நாமே நண்பர்களிடம் பெருமை பேசினோம். பின்னர் வாடகை நின்றது. படியில் எதிர்ப்பட்டால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வார். முன்பணம் முழுவதும் வாடகையிலே கழிந்த பிறகு, “வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளுங்கள்” என்று கூறினார்.

அப்போது நடைமுறையில் இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பாக்கியைக் கேட்டு இரண்டு மாத அறிவிப்பு அனுப்பிய பின்னரும் செலுத்தாவிடில், வேண்டுமென்றே தவறியதாகக் கொண்டு வெளியேற்றக் கோரலாம் என்பது அதன் விதி. விதி என்னவோ தெளிவானதுதான், வாய்தாக்களுக்குத்தான் முடிவில்லை. அத்தாவுக்கு அப்போது சர்க்கரை நோய் முற்றியிருந்தது. மருந்துச் செலவுக்கென நம்பியிருந்த வாடகை வராமல், வழக்குச் செலவு மட்டும் வந்துகொண்டிருந்தது.

“மோட்டாரை நிறுத்துங்கள், குழாயை மூடுங்கள். ஒரே வாரத்தில் ஓடிவிடுவான்” என்று தெருவில் பலரும் அறிவுரை கூறினர். சினம் மிகுந்த ஓர் இரவில் மாடிக்குச் செல்லும் குழாயின் வால்வில் நாமும் கை வைத்துவிட்டோம். அத்தா படுக்கையிலிருந்து எழுந்து வந்து நம் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அவன் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன. கர்பலாவில் தண்ணீரைத் தடுத்தவர்களின் பெயரை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று உனக்குத் தெரியாதா?” என்றார்கள். பெயர் குறிப்பிட்டு யாரையும் திட்டவில்லை. வால்வு திறந்தபடியே இருந்தது. குடிநீர் போன்ற அடிப்படை வசதிகளை வீட்டுக்காரர் துண்டிப்பதை அச்சட்டமும் தடை செய்திருந்தது என்பதை வழக்கறிஞர் பின்னர் கூறக் கேட்டோம். சட்டம் படிக்காத அத்தாவுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

2007ஆம் ஆண்டில், தீர்ப்பு நெருங்கிய வேளையில், ஓர் இரவில் அவர் சொல்லாமல் போய்விட்டார். மின்விசிறியும் குழாய்களும் அவரோடு போயின. இதுகாறும் சொன்னவை, வீட்டுக்காரர் எவரும் சொல்லக்கூடிய கதைகளே. இனிச் சொல்லப்போவதை நாம் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

2011ஆம் ஆண்டில் அத்தா மறுமை எய்தினார்கள். மாடி வீடும் நீலக் குறிப்பேடும் நம் பொறுப்பில் வந்தன. 2014இல் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் இளம் மனைவியுடன் குடிவந்தார். வாடகை 6,500, முன்பணம் 50,000. பழைய சூட்டை மறவாத நாம் முன்பணத்தை உயர்த்திக் கேட்டோம், மறுபேச்சின்றித் தந்தார். இரண்டரை ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் வாடகை கொடுத்து, 2016இல் விடைபெற்றார்.

அவருடைய முன்பணம் நம் கையில் இல்லை. வீட்டில் நடந்த திருமணம் ஒன்றில் அது செலவாகிப் போயிருந்தது. அதைச் சொல்லக் கூசினோம். ஆகவே குற்றம் தேடினோம். படுக்கையறைச் சுவரில் ஈரக்கறை படர்ந்திருப்பதைக் காட்டி, துணி உலர்த்தியதால் வந்தது என்று 6,000 ரூபாயும், வெள்ளையடிக்க 8,000 ரூபாயும் கழித்தோம். எஞ்சிய தொகையையும் உடனே கொடுத்தோமில்லை. மூன்று மாதம் அவர் நம் வாசலுக்கு வந்து நின்றார். ஒருமுறை, அவர் வருவதைச் சன்னல் வழியே கண்டு, நாம் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னோம். படியிறங்கி வந்த ரயில்வே தொழிலாளரையும், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டவரையும் ஒருசேரக் கண்டவர் நாம். அவ்விருவரில் எவரைப் போல் அன்று நடந்துகொண்டோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2018ஆம் ஆண்டில் வேறொரு குடி இருந்தபோதும் அதே சுவரில் அதே கறை தோன்றியது. குழாய்ப் பணியாளர் வந்து சுவரை உடைத்துப் பார்த்தார். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் இணைப்பு உள்ளுக்குள் கசிந்துகொண்டிருந்தது. “இது இன்று நேற்று வந்த கசிவு இல்லை சார், பல வருடத்துக் கசிவு” என்றார். அன்றிரவு நீலக் குறிப்பேட்டைப் புரட்டினோம். பக்கந்தோறும் அத்தாவின் கையெழுத்தில் ‘அமானிதம்’ என்று இருந்தது. ஆசிரியரின் பக்கத்தில் மட்டும், நம் கையெழுத்தில், 50,000 ரூபாய்க்கு நேரே ‘வரவு’ என்று இருந்தது.

இறைவனுக்குச் செய்யத் தவறிய கடமைகளை அவன் நாடினால் மன்னிப்பான். அடியார்க்கு இழைத்த தீங்கை அவ்வடியாரே மன்னித்தாக வேண்டும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர் நாம். பழைய ஒப்பந்தத்தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்து, நிகழ்ந்ததைச் சொல்லி, 14,000 ரூபாயை அனுப்பினோம். அவர் சினந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ, “அப்போது புதுவீட்டு முன்பணத்துக்காக வளையலை அடகு வைத்தோம் சார். போன வருடம்தான் மீட்டோம். பரவாயில்லை சார்” என்று அமைதியாகக் கூறினார். கழித்த தொகையைத் திருப்பிவிட்டோம். வளையல் இல்லாதிருந்த அந்தக் கையையும், கட்டிய வட்டியையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றளவும் நமக்குத் தெரியவில்லை.

2019 பிப்ரவரியில், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் புதிய சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தை அகற்றியது. ஒப்பந்தம் எழுத்தில் அமைய வேண்டும்; வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக்கூடாது; வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதனைத் திருப்பித் தர வேண்டும் என்பன அதன் விதிகள். சுவருக்கு வெள்ளையடிப்பதும் பழுதான குழாயை மாற்றுவதும் பொதுவாக உரிமையாளர் பொறுப்பு என அதன் அட்டவணை பகுக்கிறது. நாம் யாருக்கு எதற்காகப் பணம் கழித்தோமோ, அதையே சட்டம் வரி வரியாக எழுதிவைத்தாற்போல் இருந்தது. மாணவர்கள் நாளை வேலை தேடி நகரங்களுக்குச் செல்லும்போது இவ்விதிகளை அறிந்திருத்தல் நலம். எனினும், வால்வில் வைத்த கையைப் பிடித்து நிறுத்தியது சட்டமன்று என்பதையும் மறத்தல் கூடாது.

வள்ளுவப் பெருந்தகை நிலையாமை அதிகாரத்தில் ‘துச்சில்’ என்றொரு சொல்லை ஆள்கிறார். ஒண்டியிருக்கும் இடம் என்பது அதன் பொருள். உடம்பினுள் உயிர் குடியிருக்கும் நிலையை அச்சொல்லால் உணர்த்துகிறார். வகுப்பில் பல்லாண்டு அக்குறளை விளக்கிய நாம், வீட்டுக்காரர் என்னும் செருக்கில், நாமும் ஒரு துச்சிலில் இருப்பவர் என்பதை மறந்திருந்தோம். நம் உரிமையாளன் வாடகை கேட்பதில்லை. தண்ணீரை நிறுத்துவதும் இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் ஒன்று மட்டும் உண்டு.

இப்போது மாடியில் ஓர் இளம் குடும்பம் வசிக்கிறது. அவர்கள் தந்த முன்பணம் வங்கியில் தனிக்கணக்கில் இருக்கிறது. நீலக் குறிப்பேட்டில் அதற்கு நேரே, அத்தாவின் எழுத்தைப் பார்த்து எழுதுவதுபோல், ‘அமானிதம்’ என்று எழுதியிருக்கிறோம்.