ஐப்பசி மழையில் ஜெராய் மலை

கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெராய் மலையை யாரும் அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. சுங்கைப் பட்டாணி, பீடோங், குரூண், யான் என்று எந்த ஊரில் நின்றாலும் அது கண்ணில் படும். சுற்றிலும் வயலும் தோட்டமுமாகத் தரை கிடக்க, கடலோரத்தில் அது மட்டும் 1,217 மீட்டர் உயரத்துக்குத் தனியாக எழுந்து நிற்கிறது.

எங்கள் தோட்டத்துக்கு அந்த மலைதான் வானிலை அறிக்கை. அம்மா இருட்டோடு பிரட்டுக்குப் போய், நிரையில் மரம் வெட்டத் தொடங்கிவிடுவார். கிழக்கு வெளுத்ததும் கத்தியை நிறுத்தி ஒரு முறை மலையைப் பார்ப்பார். உச்சி தெளிவாக இருந்தால் கவலையில்லை. மேகம் இறங்கி மூடியிருந்தால், "மலை முக்காடு போட்டுடுச்சு. சீக்கிரம் பாலெடுங்க!" என்று பக்கத்து நிரைக்காரர்களுக்கும் குரல் கொடுப்பார். மங்கில் மழை விழுந்தால் அன்றைய பாலும் போயிற்று, கூலியும் போயிற்று.

பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்து வீட்டு நண்பனும் எங்கள் தாய்மார்களுக்கு உதவியாக நிரைக்குப் போவோம். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் மலையைக் காட்டுவான். "ஒரு நாளைக்கு அந்த உச்சியில நின்னு நம்ம லயத்தைப் பார்க்கணும்டா" என்பான். நானும் சரி என்பேன்.

வருடங்கள் ஓடின. கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு லயமும் போயிற்று. நான் பட்டணத்தில் கிராணி வேலைக்குப் போனேன். அவன் லாரி ஓட்டினான். எங்கள் தாய்மார்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள். மலை மட்டும் அங்கேயே இருந்தது. நாங்கள் ஏறவில்லை.

2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம் அவன் வீட்டுக்கு வந்தான். ஜொகூரில் இருக்கும் மகன் தன்னோடு வந்து இருக்கும்படி அழைக்கிறானாம். வீட்டை விற்க ஏற்பாடாகிவிட்டது. "போறதுக்கு முந்தி மலையில ஏறிடணும்டா" என்றான்.

நான் தயங்கினேன். வட அரைக்கோளத்தில் நான்கு பருவங்கள் உள்ள நாடுகளில் அக்டோபர் இலையுதிர் காலம். மலையேற அதைத்தான் நல்ல காலம் என்பார்கள். நமக்கோ அது ஐப்பசி. கெடாவில் செப்டம்பரும் அக்டோபரும் அதிக மழை பெய்யும் மாதங்கள். "பிப்ரவரியில போகலாமே" என்றேன்.

"பிப்ரவரியில நான் இங்க இருக்க மாட்டேண்டா" என்றான். குரூணிலிருந்து மேலே தார்ச்சாலை இருப்பதை நினைவூட்டினேன். "காடியில போனா ஏறினதாகுமா? நம்ம அம்மாமாருங்க காலம் பூரா நடந்தாங்க" என்று சொல்லிவிட்டான். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

காலை ஏழு மணிக்கு யான் பக்கத்திலிருந்து காட்டு வழியில் ஏறத் தொடங்கினோம். வானம் மப்பாக இருந்தாலும் மழை இல்லை. கால்களில் சுண்ணாம்பும் புகையிலைச் சாறும் பூசிக்கொண்டோம். நிரையில் அட்டைக்கு அம்மா செய்த வைத்தியம் மலையிலும் பலித்தது. வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. தெளிந்த நீர், கணுக்கால்கூட நனையாமல் கல்லுக்குக் கல் தாண்டிப் போனோம்.

இந்த மலையைப் பார்த்து வழி கண்டவர்கள் நாங்கள் மட்டுமல்ல. பண்டைய நாளில் வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்காரர்களுக்கும் ஜெராய்தான் அடையாளம். இதன் தென்சரிவில், மெர்போக்குக்கு அருகில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன. 1025-இல் இராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் இந்தக் கெடாதான் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். ஏறும்போது இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "அவங்களும் கீழேயிருந்துதானே பார்த்திருப்பாங்க! நாம மேலேயே போகப் போறோம்" என்று சிரித்தான்.

ஒன்பதரை மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு முன்னால் இருந்த மரம் தெரியவில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தனித்து நிற்கும் இந்த மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அதனால் கீழே வெயில் அடிக்கும்போதும் உச்சியில் மழை பெய்யும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் பல் கிட்டியது.

பிறகு மழை பிடித்தது. சாதாரண மழையல்ல. நாங்கள் ஏறிய பாதையே வாய்க்காலாக மாறி, எங்களை நோக்கி ஓடி வந்தது. நான் நின்றுவிட்டேன்.

"போதும்டா, திரும்பலாம்."

"இன்னும் கொஞ்ச தூரந்தாண்டா!" அவன் கத்தினான். "அம்பது வருஷமாப் பார்த்துக்கிட்டு இருக்கேன். இப்ப விட்டா எப்பவும் இல்ல."

அவன் சொன்னதும் உண்மைதான். ஊரை விட்டே போகிறவனை எப்படித் தடுப்பது? ஆனால் கீழே பள்ளத்தில் ஓடிய தண்ணீரின் சத்தம் மாறியிருந்தது. காலையில் சலசலத்தது இப்போது உறுமியது.

"மலை முக்காடு போட்டா நம்ம அம்மா என்னடா சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. மேலே பார்த்தபடி சற்று நேரம் நின்றான். முகத்தில் வழிந்தது மழையா கண்ணீரா என்று எனக்குத் தெரியாது. பிறகு என்னைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினான்.

காலையில் தாண்டிய ஓடையில் ஒரு கல்கூட வெளியே தெரியவில்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடியது. ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். நடுவில் அவன் சறுக்கினான்; முதுகுப்பையைப் பிடித்து இழுத்தேன். அவனுடைய ஒரு காலணி தண்ணீரோடு போயிற்று. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில் ஒரு மலாய்ப் பெரியவர் கடை வைத்திருந்தார். துண்டு கொடுத்து, சூடாகத் தே ஓ போட்டுக் கொடுத்தார். அங்கே தரை காய்ந்தே கிடந்தது. "மேலே மழை, கீழே வெயில். அதுதான் ஆபத்து. 'கெப்பாலா ஆயர்' சொல்லிக்கொண்டு வராது" என்றார். மேலே தேங்கிய நீர் திடீரென உடைத்துக்கொண்டு பாயும் காட்டு வெள்ளத்துக்கு அந்தப் பெயர்.

நண்பன் ஜொகூருக்குப் போனான். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "உன்னாலதாண்டா ஏறாமப் போச்சு" என்று குறைபட்டுக்கொள்வான். அந்தப் பேச்சு எனக்கும் உள்ளூர உறுத்தியது. பயந்துதான் அவன் ஆசையைக் கெடுத்தேனோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

2021 ஆகஸ்டு 18-ஆம் நாள் ஜெராய் மலையில் கொட்டிய மழையில் அந்தக் காட்டு வெள்ளம் வந்தது. மண்ணும் பாறையும் வேரோடு பெயர்ந்த மரங்களும் உருண்டு வந்து, யான், மெர்போக் பகுதிக் கிராமங்களைத் தாக்கின. ஆறு பேர் மாண்டனர். அன்றிரவு நண்பன் கூப்பிட்டான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்தக் கடைக்காரப் பெரியவர் நல்லா இருக்காரான்னு விசாரிடா" என்றான். விசாரித்தேன்; நலமாக இருந்தார். அதற்குப் பிறகு நண்பன் அந்தக் குறையைச் சொன்னதே இல்லை.

2024 பிப்ரவரியில் உறவினர் திருமணத்துக்காக அவன் வந்தான். முழங்கால் வலி வந்துவிட்டதால் குரூண் சாலை வழியாகக் காடியிலேயே போனோம். தெளிந்த வானம். மேற்கே கடல், வடமேற்கே லங்காவித் தீவு, தெற்கே பினாங்கு. வந்திருந்தவர்கள் அங்கே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் பீடோங் பக்கம் திரும்பி நின்றான். செம்பனையும் புதிய வீடுகளின் கூரைகளுமாகத் தெரிந்தது.

"அந்தா, அங்கதாண்டா நின்னு நம்மளப் பார்த்தாங்க" என்றான். இரண்டு பேரும் வெகுநேரம் அங்கேயே நின்றோம்.

ஜெராய்க்குப் போக விரும்பும் தோட்டத்துக் குடும்பங்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் போவது நல்லது. காட்டு வழியாக ஏறுவதானால் வன இலாகாவில் விசாரித்து, அனுமதி பெற்றுப் போங்கள். உப்பும் சுண்ணாம்பும் மாற்று உடையும் மறக்க வேண்டாம். ஓடை நீர் கலங்கினாலோ, சத்தம் மாறினாலோ, உச்சி பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மலை எங்கேயும் போகாது. நாம் வீடு திரும்பினால்தான் இன்னொரு நாள் அதைப் பார்க்கலாம்.