யார் கைக்கு அளந்த பாய்?

எங்கள் பக்கத்தில் பாய் என்றால் பத்தமடைப் பாய்தான். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கும் அந்த ஊரில், ஆற்றோரக் கோரையை ஊறவைத்து, மெல்லியதாகக் கீறி, பருத்திநூல் பாவில் கோத்து நெய்கிறார்கள். நெய்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரையே நெய்து தருவார்கள். காற்றைப் பிடித்துக் கப்பலை ஓட்டுகிற துணிக்கும் தமிழில் பாய் என்றுதான் பெயர். ஆனால் வண்ணார்பேட்டையில் வளர்ந்த எனக்கு அந்த இரண்டாவது பாயைத் தொட்டுப் பார்க்க நாற்பது வயது ஆனது. அதுவும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில்.

அங்கே நானும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியும் சேர்ந்து 26 அடி நீளமுள்ள பழைய பாய்ப் படகு ஒன்றை வாங்கினோம். படுக்கவும் தேநீர் போடவும் இடம் உள்ள, உல்லாசப் பயணத்துக்கான படகு. கோடைகால மாலைகளில் ஸ்வான் ஆற்றில் இப்படிப்பட்ட படகுகளுக்கும் பந்தயம் நடக்கும். மதியத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து கடற்காற்று கிளம்பும். வெக்கையைத் தணிப்பதால் அதற்கு 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்று செல்லப் பெயர். அந்த டாக்டர் சில நாட்களில் மணிக்கு 20 கடல் மைலைத் தாண்டி வீசுவார்.

எங்கள் மெயின்செயில், அதாவது கொடிமரத்தின் பின்னால் நிற்கும் பெரிய பாய், பல வருடம் உழைத்துத் தொளதொளத்துப் போயிருந்தது. பாயில் ஒரு வயிறு உண்டு. அது முன்பக்கமாக இருந்தால் படகு முன்னே போகும். துணி தளர்ந்து வயிறு பின்னே நகர்ந்துவிட்டால், காற்று படகை ஓட்டுவதற்குப் பதில் சாய்க்கும். சுக்கானைப் பிடித்திருப்பவளின் தோள் கழன்றுவிடும். புதிய பாய் வாங்கியே ஆக வேண்டும்.

பாய் தைக்கிறவர் முதலில் கேட்டது, "படகை ஓட்டுவது யார், உங்கள் கணவர்களா?" என்று. இல்லை என்றோம். பிறகு எங்களைப் பார்க்காமல் படகின் அளவுகளை மட்டும் பார்த்துப் பேசினார். பந்தயம் என்றால் லேமினேட் பாய்தான் என்றார். மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குள் வலுவான இழைகளை ஒட்டிச் செய்வது அது. எடை குறைவு, வடிவம் மாறாது. பின்விளிம்பை நன்றாகப் புடைக்க வைத்துப் பரப்பைக் கூட்டலாம் என்றார். காற்று கூடும்போது பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிச் சிறிதாக்குவதை ரீஃப் எடுப்பது என்பார்கள். அதற்கு ஒரே ஒரு வரிசை போதும், கூடுதல் ஒட்டுகள் வீண் எடை என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அந்தப் பாயைக் கட்டியாள, படகு சாயாமல் விளிம்பில் உட்கார, நான்கைந்து கனத்த ஆட்கள் வேண்டும். நாங்கள் இரண்டு பேர்.

அன்றிரவு அம்மாவுடன் பேசினேன். அம்மா வண்ணார்பேட்டையில் முப்பது வருஷம் பிளவுஸ் தைத்தவள். கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் துணி தெரியும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, யாரு போடப்போறான்னு கேக்காம அளவெடுக்கவன் டெய்லர் இல்ல. எம்புட்டு அழகா இருந்தாலும் கையத் தூக்க முடியலன்னா அந்த பிளவுஸு என்னத்துக்குளா?"

அதற்குப் பிறகு பாய் பற்றிய நூல்களை வேறு கண்ணோடு படித்தேன். பட்டைகளின் ஓரத்தை லேசாக வளைத்து வெட்டித் தைப்பதால்தான் பாய்க்கு வயிறு வருகிறது. அம்மா டாட் பிடிப்பதும் இதே கணக்குதான். பிளவுஸில் கிராஸ் கட்டிங் என்றால் துணியை மூலைவாட்டில் வெட்டுவது; இழுபட்டு உடம்போடு பொருந்துவதற்காக. பாயில் கிராஸ்கட் என்பதன் நோக்கம் நேர் எதிர்: இழுபடவே கூடாது. பின்விளிம்பில் இழுவை அதிகம் என்பதால், அந்த இழுவை ஊடை நூலின் போக்கிலேயே விழும்படி பட்டைகளை அடுக்குவார்கள். பாலியெஸ்டரில் நெருக்கி நெய்த டேக்ரான் துணிக்கு இந்த வெட்டு பொருந்தும். லேமினேட் அளவுக்கு வடிவம் நிற்காது. ஆனால் மடித்தாலும் படபடத்தாலும் வெயிலில் கிடந்தாலும் தாங்கும்.

டேக்ரான், இரண்டு வரிசை ரீஃப், அடக்கமான பின்விளிம்பு என்று நான் முடிவுக்கு வந்தபோது தோழி ஒப்பவில்லை. "அக்கா, நாங்கள் சின்னப் பாய் எடுத்தா அவை சொல்லுறது சரியெண்டு ஆகிடும்" என்றாள். அவள் சொன்னதை எளிதாகத் தள்ள முடியவில்லை. பெண்களுக்கென்று குறைத்துக் கொடுத்தவற்றின் பட்டியல் நம் எல்லோரிடமும் உண்டு.

நான் அவளிடம் நேத்ரா குமணனைப் பற்றிப் பேசினேன். சென்னைப் பெண். பாய்ப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், 2021இல். டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் போட்டியிட்டார். ஒலிம்பிக்கில் ஆண்கள் தனியாக ஓட்டும் லேசர் படகும் பெண்கள் ஓட்டும் லேசர் ரேடியலும் ஒரே அச்சில் வார்த்த உடல், சுமார் 4.2 மீட்டர் நீளம். மாறுவது பாயும் கொடிமரத்தின் கீழ்த்துண்டும். பெரிய பாய் 7.06 சதுர மீட்டர், ரேடியல் பாய் 5.76. ஒல்லியான ஆண்களும் இந்தச் சிறிய பாயில்தான் நன்றாக ஓட்டுகிறார்கள். அளவு ஆண், பெண் என்பதைப் பொறுத்ததல்ல. படகின் விளிம்பில் உட்காரும் எடையைப் பொறுத்தது. கனத்த உடம்பை 'சாதாரணம்' என்றும் மற்றதை 'சலுகை' என்றும் சொல்லும்போதுதான் அதில் அரசியல் நுழைகிறது.

இன்னொன்றும் இருந்தது. வெவ்வேறு வகைப் படகுகள் மோதும் பந்தயத்தில் ஹேண்டிகேப் கணக்கு உண்டு. எங்கள் கணக்கில் பாயின் பரப்பும் சேரும். பரப்பைக் கூட்டினால் அதற்கேற்ற தண்டனையைத் திருத்திய நேரத்தில் சுமக்க வேண்டும். அடக்க முடியாத பாய்க்காக அந்தத் தண்டனையை ஏன் சுமப்பது?

தோழி யோசித்தாள். பிறகு ஒரு திருத்தம் சொன்னாள். பாயை விறைப்பாக நிறுத்தும் பேட்டன் குச்சிகளில் மேலே உள்ள இரண்டை முழு நீளத்துக்குப் போடச் சொன்னாள்; மெல்லிய காற்றில் வடிவம் நிற்கும், பலத்த காற்றில் படபடப்பு குறையும். அது சரியான யோசனை. ஆர்டர் எழுதும்போது, படகின் அளவுகளுக்குக் கீழே அவளே ஒரு வரியைச் சேர்த்தாள்: ஓட்டுபவர்கள் இருவர், மொத்த எடை 118 கிலோ. தைப்பவர் அதைப் படித்துவிட்டு, முதல்முறையாக எங்களை நிமிர்ந்து பார்த்து, "அப்படியானால் முதல் ரீஃபை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம்" என்றார்.

புதிய பாயோடு நாங்கள் எல்லோரையும் ஜெயித்துவிடவில்லை. காற்று சோம்பும் மாலைகளில் பெரிய பாய்க்காரர்கள் முந்திப் போகிறார்கள். டாக்டர் கோபமாக வரும் மாலைகளில் அவர்கள் சாய்ந்து, சுக்கான் பிடியிழந்து, காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போது, நாங்கள் ரீஃப் எடுத்துக்கொண்டு நேராக ஓடுகிறோம். முன்பெல்லாம் அப்படிப்பட்ட நாட்களில் உதவிக்கு யாராவது ஓர் ஆணைத் தேடுவோம். அவர் ஏறியதும் சுக்கானை வாங்கிக்கொள்வார். இப்போது தேடுவதில்லை.

பழைய பாயை என்ன செய்தோம் என்று அம்மா கேட்டாள். வீசிவிடாதே, நல்ல இடமாகப் பார்த்து வெட்டி எடுத்து வா, பை தைக்கலாம் என்றாள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நான்கு மீட்டர் கொண்டுபோகிறேன். அவளுடைய மெஷினுக்குக் கனமான ஊசி வேண்டுமாம். அதையும் வாங்கி வைத்துவிட்டேன்.