திரிபோஷாவில் மூன்றில் ஒரு பங்கு

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொன்னால் நீங்கள் பூச்செடியைத் தேடக்கூடாது. ஜம்பட்டா வீதியிலிருந்து ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய முடுக்கில் திரும்பினால், இரண்டு பக்கமும் தகரக்கூரை வீடுகள், நடுவில் காண், கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரேயொரு பைப். அதற்குத்தான் தோட்டம் என்று பேர். விடிய மண்ணெண்ணெய் அடுப்பு மணக்கும், மத்தியானம் யார் வீட்டிலோ கருவாடு பொரியும், அந்த மணத்துக்கு மேலால் புனித லூசியாள் கோயில் மணி மிதந்து வரும். பைப்படியில் வாளிச் சண்டை மட்டும் எந்த நேரமும் நடக்கும்.

பக்கத்து வீட்டு மாமி புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போவா. பின்னேரம் மாமி முடுக்குக்குள் நுழைய முந்தியே அவவின் தும்மல் வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாமியின் மகனைப் பார்த்துக்கொள்வது என்னுடைய வேலை. எனக்கு எட்டு வயது, அவனுக்கு ஒன்றரை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பாணைப் பிய்த்துச் சீனி போட்ட பிளேன்ரீயில் தோய்த்து ஊட்டுவேன். அவனுடைய முடி கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பட்டையானது. நாங்கள் அவனை "வெள்ளைக்காரன்" என்று கூப்பிடத் தொடங்கினோம். பிறகு கன்னம் உப்பியது, கால் இரண்டும் பன் மாதிரி ஊதியது. பொடியன் என்னுடைய கைராசியில் கொழுத்துவிட்டான் என்று நான் முடுக்கு முழுக்க அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிற சனம்கூட நின்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனது.

மிட்வைஃப் மிஸ் மட்டும் கன்னத்தைப் பார்க்கவில்லை. கறுப்புக் குடை, பழைய கைப்பை, எங்கள் தோட்டத்துக் காணைத் தாண்டித் தாண்டிப் பழகிய செருப்பு. வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாமியைப் பார்க்கத்தான் அன்றைக்கு வந்தா. பொடியனைக் கண்டதும் குந்தியிருந்து அவன் காலைப் பிடித்துப் புறங்காலில் பெருவிரலை வைத்து அமத்தினா. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது, குழைத்த ரொட்டி மாவில் விரல் பட்டது மாதிரி.

"அனே, இது கொழுப்பு இல்ல. தண்ணி."

அன்றைக்கே மாமியையும் பொடியனையும் பொரளைக்கு, லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டா.

அந்த வருத்தத்தின் பேர் குவாஷியோர்கர் என்று எனக்குத் தெரியவர எத்தனையோ வருஷம் ஆனது. சிசிலி வில்லியம்ஸ் என்ற டொக்டர் 1930களில் ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், பார்த்து எழுதிய நோய். அங்குள்ள கா மொழிச் சொல் அது. அடுத்த பிள்ளை வரும்போது முன்னைய பிள்ளைக்கு வருவது என்ற பொருளில் அந்தச் சனம் சொல்லுமாம். எங்கள் முடுக்கைப் பார்க்காமலே எங்கள் முடுக்குக்குப் பேர் வைத்திருக்கிறார்கள்.

பொடியன் திரும்பி வந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. நீர் வற்றி, எலும்பும் தோலுமாக ஒரு கிழவன் மாதிரி இருந்தான். என்னுடைய கொழுத்த பிள்ளையை வாங்கிவிட்டு வேறொன்றைத் தந்துவிட்டார்கள் என்று மிஸ்ஸோடு கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. மிஸ் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கிளினிக்கில் உத்தரத்தில் தொங்கிய தராசில் அவனைத் துணிக் காற்சட்டைக்குள் போட்டுத் தொங்கவிட்டா. டெட்டோல் மணமும் பிள்ளைகளின் அலறலுமாய் இருந்த அந்த வாங்கில் நான் உட்கார்ந்திருக்க, கார்ட்டில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுத்துக் காட்டினா. கோடு ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தது. சோற்றோடு பருப்பை மசித்து, நெத்தலிக் கருவாட்டைத் தூளாக்கிப் போட்டு, ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விடச் சொன்னா. மாமியிடம் அல்ல, என்னிடம். மாமியின் கையில் இரண்டு பக்கற் திரிபோஷா கொடுத்தா.

திரிபோஷா தெரியாத வாசகருக்காக: சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த சத்துமா. 1973இல் இலங்கையில் தொடங்கி, தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொஞ்சம் வெந்நீர் தெளித்து உருட்டினால் வறுத்த சோளத்தின் வாசம் மூக்கில் ஏறும். அவனுக்கு இரண்டு உருண்டை, எனக்கு ஒரு உருண்டை. அவன் மெதுவாகத் தின்பான், ஆகவே சில நாள் எனக்கு ஒன்றரை.

மிஸ் பத்தாம் நாள் வந்தா. முடிந்துபோன முதல் பக்கற்றைத் தட்டிப் பார்த்தா.

"750 கிராம். ஒரு நாளைக்கு 50. பதினஞ்சு நாள் வரணும். யார் திங்கிறது?"

மாமிக்கு விளங்கவில்லை. மிஸ் திரும்பி என்னைப் பார்த்தா. என் சட்டைக் கழுத்தில் மஞ்சள் மா கொட்டியிருந்ததை நான் அப்போதுதான் கண்டேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். மிஸ் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தா, கையைத் தடவிப் பார்த்தா. பிறகு மெல்லச் சொன்னா: "முதல்ல பபா. பபா முடிச்ச பிறகு சட்டிய நீ வழிச்சுக்கோ." மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதக் கிளினிக்குக்கு என் அம்மாவையும் வரச் சொன்னா.

இப்போது கையைச் சுற்றி ஒரு நாடாவால் அளக்கிறார்கள். 11.5 சென்டிமீற்றருக்குக் கீழே என்றால் சிவப்பு, கடும் போசாக்கின்மை. ஆனால் பாதம் வீங்கினால் நாடா என்ன சொன்னாலும் ஆபத்துத்தான், அதற்கு இன்னமும் பெருவிரல் வேண்டும். 2022இல், திரிபோஷா கிடைக்காமல் தாய்மார் கிளினிக்கிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மாதங்களில், அந்தக் குடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் பொடியனைக் கண்டேன். பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தான், நல்ல வண்டி. எடையைக் குறைக்கச் சொல்லி டொக்டர் பேசுகிறாராம். "சின்னதில நீங்க ஊட்டின திரிபோஷாதான் அக்கா" என்று சிரித்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு யாருடைய வயிற்றுக்குள் போனது என்று அவனுக்கு நான் இன்னமும் சொல்லவில்லை.