ரூட்டுக்கும் ஒரு வேலி

லினக்ஸில் /டெவ்/மெம் என்றொரு கோப்பு உண்டு. பார்வைக்கு ஏனைய கோப்புகளைப் போன்றதே. ஆனால் அதைத் திறப்பவர் வட்டிலுள்ள தரவை அன்று, கணினியின் இயற்பியல் நினைவகத்தையே வாசிக்கிறார், எழுதவும் செய்யலாம். ரூட் அதிகாரம் பெற்றவருக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கட்டளைகளும் பிற நிரல்கள் வைத்திருக்கும் கடவுச்சொற்களும் ஒரு காலத்தில் அதன் வழியே எட்டும் தொலைவில் இருந்தன.

அக்கதவு கவனக்குறைவால் திறந்து கிடக்கவில்லை. எக்ஸ் சாளர அமைப்பு வரைகலை அட்டையை அணுகியது அவ்வழியேதான். பயாஸ் தகவலை வாசிக்கும் கருவிகளுக்கும் அது தேவைப்பட்டது. ஆபத்தும் அதே வழியில் வந்தது. 2001-இல் ஃப்ராக் இதழில் வெளியான ஒரு கட்டுரை, புதிய கெர்னல் கூறு எதையும் ஏற்றாமல், /டெவ்/கேமெம் என்னும் இணைக்கோப்பின் வழியே ஓடும் கெர்னலைத் திருத்தும் முறையை விளக்கியது. அம்முறையில் அமைந்த சக்கிட் என்னும் ரூட்கிட், 2003 நவம்பரில் டெபியன் திட்டத்தின் சர்வர்கள் ஊடுருவப்பட்டபோது அவற்றில் கண்டறியப்பட்டது.

2008-இல் 2.6.26 பதிப்பில் கட்டுப்பாடு ஒரு தெரிவாகச் சேர்க்கப்பட்டது. எக்ஸ்86 கணினிகளில் அதன் விதி எளியது: சாதனங்களின் முகவரிகளையும் முதல் 1 மெகாபைட்டையும் அணுகலாம், எஞ்சிய ரேம் ரூட்டுக்கும் இல்லை. அந்த 1 மெகாபைட் விலக்கும் 2017-இல் சுருங்கியது. அங்குள்ள ரேமை வாசித்தால் சுழியங்களே கிடைக்கும். எழுதினால் எழுத்து ஓசையின்றிக் கைவிடப்படும். மறுப்பு என்று வெளிப்படையாகச் சொன்னால் பழைய நிரல்கள் முறிந்துவிடும் என்பதால், மறுப்பு இங்கே வெறுமையின் வடிவில் வருகிறது. 2021-இல் 5.13 பதிப்பு /டெவ்/கேமெம்மை முற்றிலும் நீக்கியது.

யுனிக்ஸ் மரபில் அனுமதி என்பது பெரும்பாலும் 'யார்' என்ற வினாவுக்கான விடை. ரூட் என்றால் அவ்வினா அங்கேயே முடிந்துவிடும். இக்கட்டுப்பாடு 'எதை' என்று கேட்கிறது. இதற்கு விலையும் உண்டு: நினைவகத்தைப் படியெடுத்து ஆராயும் தடயவியலாளர் இன்று தனிக் கெர்னல் கூறு போன்ற வேறு வழியை நாட வேண்டியுள்ளது. தன் கணினியே தனக்கு மறுப்பதா என்ற உரிமையாளரின் சினமும் நியாயமானதே. ஆயினும் ரூட் அதிகாரத்தைத் திருடியவனும் உரிமையாளரும் கெர்னலின் கண்ணுக்கு ஒருவரே. வேறுபாடு ஒன்றுதான்: உரிமையாளர் தம் கெர்னலை விரும்பியவாறு தொகுத்துக்கொள்ள முடியும். எனவே வேலியை எங்கே போடுவது என்ற முடிவு கணினி இயங்கத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட வேண்டும். திருடன் உள்ளே வந்தபின் கேட்டால், விடை சொல்பவர் யார் என்பதே ஐயத்துக்குரியது.