குப்பி உடையுமா?

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பேசிப் பகடை உருட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் படைத்து, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அவ்வகையில் முன்னோடி. அதில் வீரர்கள் மந்திரப் பானம் நிறைந்த குப்பிகளைச் சுமந்து செல்வர். பருகினால் காயம் ஆறும். பகைவன் ஏவும் தீ வீரனைச் சுடும்போது அக்குப்பியும் அழியுமா? சிறுபிள்ளைகளின் வினாவாகத் தோன்றினும், நீதியைப் பற்றிய நல்லதொரு வினா இதனுள் உறைகின்றது.

1979-இல் கைகாக்ஸ் எழுதிய நடத்துநர் கையேடு இதில் இரக்கம் காட்டவில்லை. கண்ணாடி, தோல், உலோகம் எனப் பொருள்களை வகுத்து, தீ, அமிலம், மின்னல், வீழ்ச்சி ஆகியவற்றினின்று ஒவ்வொன்றும் தப்ப இருபது முகப் பகடையில் எவ்வளவு விழவேண்டும் என அட்டவணையிட்டது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதனைத் தளர்த்தியது. வீரன் தன்னைக் காக்க உருட்டும் பகடையில் ஒன்று விழுந்தாலன்றி, பொதுவாக அவன் உடைமைக்கு ஆபத்தில்லை. 2014-இன் ஐந்தாம் பதிப்பிலோ, நெருப்புக் கோளம் எவரும் அணியாத, சுமக்காத பொருள்களையே பற்றவைக்கும். ஆயினும் அப்பதிப்பின் நடத்துநர் கையேடு, மந்திரப் பொருள்களுள் பெரும்பாலானவை சேதத்தை எதிர்க்கும் என்று கூறுகையில், பானங்களையும் சுருள்களையும் விலக்கிவிடுகின்றது. உள்ளே மந்திரம் இருப்பினும் கண்ணாடி கண்ணாடியே!

ஒவ்வொரு பொருளுக்கும் பகடை உருட்டினால் ஆட்டம் தடைப்படும் என்பது மெய்யே. பல நாள் முயன்று ஈட்டியது ஒரு நொடியில் அழிந்தால் மனம் நோகும் என்பதும் மெய்யே. எனினும் நோவு வேறு, அநீதி வேறு. குப்பி உடையும் என்பதை நடத்துநர் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தால், பகைவனின் குப்பிக்கும் அவ்விதியே பொருந்துமானால், பேழையில் பொதிந்து காக்க வீரனுக்கு வழியிருந்தால், அவ்விழப்பில் அநீதி இல்லை. ஆட்டத்தின் நடுவே, ஒருவரை அடக்குவதற்கெனப் புகுத்தும் விதியே அநீதி.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. உடையவே உடையாத குப்பியைப் பலர் பருகுவதில்லை. பெரும் போருக்கென்று பதுக்குவர். 2014-இன் விதிப்படி, தான் பருகுவதற்கும் வீழ்ந்த தோழனுக்குப் புகட்டுவதற்கும் தேவைப்படுவது ஒரே ஒரு செயல்தான். ஆயினும் தோழன் அருகே கிடக்கையில் கை கச்சைக்குச் செல்லத் தயங்குகின்றது. கதை முடிந்தபின் எஞ்சி நிற்கும் நிறைகுப்பிகளால் எவருக்கு என்ன பயன்? நாளை இது இல்லாமற்போகலாம் என்னும் நினைவே அக்கையை இன்று அசைக்கின்றது.

ஆதலால், குப்பி உடையலாம் என்பதே நம் கருத்து. உடைவதற்கு முன் அதனை ஒருவர்க்குக் கொடுக்க வாய்ப்பு இருந்ததா என்பதை மட்டும் நடத்துநர் உறுதிசெய்து கொள்ளட்டும்.